குரலுக்குள் ஓடும் காற்றைப் படிக்க எந்த மாதிரியைக் கட்டலாம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "குரல்நாண் மாதிரி ஒன்று செய்து, அதில் காற்றோட்டத்தை அளக்க வேண்டும். ரப்பரில் செய்வதா, சிலிகோனில் வார்ப்பதா, இல்லை பெரிதாக்கி அக்ரிலிக்கில் செய்வதா?" கசாப்புக் கடையில் ஆட்டுக் குரல்வளை வாங்கி ஊதிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாமே செய்யக்கூடியவைதான், எல்லாவற்றையும் ஆய்வகங்களில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் கிடைக்கும் விடை இன்னொன்றில் கிடைக்காது. ஒரு பருவம் முழுக்க உழைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கும் கட்டிய மாதிரிக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும். அதனால் கட்டுவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் போடும் மாதிரிதான் நல்ல மாதிரி என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உங்கள் கேள்வி காற்றோட்டம் பற்றியது என்றால், சத்தமே போடாத பெரிய மாதிரிதான் அதிகம் கற்றுத்தரும். சத்தம் போடும் மாதிரியில் இரண்டு நாண்களுக்கும் நடுவே உள்ள ஒரு மில்லிமீட்டர் சுமாரான பிளவு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. அதற்குள் எந்தக் கருவியை நுழைத்தாலும் ஓட்டமே மாறிவிடும்.

## முதலில் சில எண்கள்

வளர்ந்த ஆணின் குரல்நாணில் அதிரும் பகுதி சுமார் 16 மி.மீ., பெண்ணுக்குச் சுமார் 10 மி.மீ. சாதாரணப் பேச்சில் ஆண் குரல் நொடிக்கு 100 முதல் 130 தடவை அதிரும், பெண் குரல் 200 தடவை சுமார். பேசும்போது நாண்களுக்குக் கீழே இருக்கும் அழுத்தம் 5 முதல் 10 செ.மீ. நீர் உயரம், அதாவது ஏறக்குறைய 500 முதல் 1000 பாஸ்கல். காற்று சராசரியாக நொடிக்கு 100 முதல் 250 மில்லிலிட்டர் போகிறது.

800 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு பெர்னூலிச் சமன்பாட்டில் போட்டால், பிளவிலிருந்து பாயும் தாரையின் வேகம் நொடிக்கு 36 மீட்டர் வரும். மணிக்கு 130 கிலோமீட்டர்! பேசுகிற ஒவ்வொருவர் தொண்டைக்குள்ளும் இந்த வேகத்தில் காற்று பாய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தம் பாகுத்தன்மையைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று காட்டும் எண்) சில ஆயிரம். அதாவது தாரை சீராக வெளியே வந்து, கொஞ்ச தூரத்திலேயே சுழல்களாக உடையும் கட்டம்.

நாண்கள் ஏன் அதிர்கின்றன என்பதும் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. திறக்கும்போது பிளவு மேல்நோக்கிக் குறுகும், மூடும்போது மேல்நோக்கி விரியும். குறுகும் வடிவத்தில் சுவர்மேல் அழுத்தம் அதிகம், விரியும் வடிவத்தில் குறைவு. இந்த வித்தியாசம்தான் ஒவ்வொரு சுற்றிலும் நாண்களுக்கு ஆற்றல் ஊட்டுகிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் நரம்பு ஒரு தடவை துடிக்கிறது என்று 1950 வாக்கில் பிரான்சில் ராவுல் ஹுஸ்ஸோன் சொன்னார். காற்றின் விசையும் திசுவின் மீள்தன்மையும் சேர்ந்தால் போதும் என்று 1958இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் விளக்கினார். நின்றது இரண்டாவதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி எந்த வகை என்பது. எந்த அழுத்தத்தில் அதிர்வு தொடங்குகிறது என்பது ஒரு வகை. தாரை எங்கே சுவரை விட்டுப் பிரிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இன்னொரு வகை. சத்தத்தின் தன்மை மூன்றாவது. ஒரே மாதிரியில் மூன்றையும் படிக்க ஆசைப்பட வேண்டாம்.

அடுத்து, கருவி வைக்க இடம் இருக்கிறதா. பிறகு, இன்று வந்த விடை அடுத்த வாரமும் வருமா. இதை மாணவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை, ஆனால் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது இதுதான். அப்புறம் பணம், கையிலுள்ள நாட்கள், கைவேலைத் திறமை.

எந்த மாதிரியானாலும் தப்பாத மறைமுகச் செலவு ஒன்று உண்டு: காற்றைக் கொடுக்கும் ஏற்பாடு. பஞ்சர் கடை கம்ப்ரசரை நேராகக் குழாயில் மாட்டினால் அழுத்தம் ஏறி இறங்கும், எண்ணெயும் ஈரமும் சேர்ந்து வரும். ரெகுலேட்டர், எண்ணெய் வடிகட்டி, பிறகு உள்ளே ஃபோம் ஒட்டிய ஒரு பெயிண்ட் டின் அல்லது டிரம், அதற்குப் பிறகுதான் மாதிரி. டிரம் ஏன் என்றால், நீளமான குழாய்க்கு என்று ஓர் ஒத்ததிர்வு உண்டு. மாதிரியின் அதிர்வு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்போது நீங்கள் அளப்பது குழாயின் குணமாக இருக்கும், நாணின் குணமாக இராது.

ஓட்ட அளவுக்கு மருத்துவமனை ஆக்சிஜன் ஃப்ளோமீட்டர் கைகொடுக்கும். அதன் உச்சம் நிமிடத்துக்கு 15 லிட்டர், அதாவது நொடிக்கு 250 மில்லிலிட்டர். குரலுக்கு வேண்டிய எல்லைக்குள் சரியாக வருகிறது. ஆனால் அது ஆக்சிஜனுக்கு, அதுவும் சுமார் 4 பார் அழுத்தத்தில் கொடுக்கும் வரிசைக்கு அளவிட்டது. காற்று ஆக்சிஜனைவிட லேசு என்பதால் உண்மையான ஓட்டம் காட்டுவதைவிட 5 சதவீதம் போல அதிகம் இருக்கும். அழுத்தம் மாறினால் பிழை இன்னும் கூடும். வாளித் தண்ணீரில் கவிழ்த்த பாட்டிலும் ஸ்டாப்வாட்சும் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## 1. லேட்டக்ஸ் மாதிரி

பி.வி.சி. குழாயின் வாயில் இரண்டு ரப்பர்த் துண்டுகளை எதிரெதிரே இழுத்துக் கட்டி ஊதினால் சத்தம் வரும். 19ஆம் நூற்றாண்டில் யோஹானஸ் முல்லர் சவக் குரல்வளைகளோடு சேர்த்துச் செயற்கைச் சவ்வுகளையும் வைத்துச் சோதித்தார். அந்த வழி இன்றும் செல்லுபடியாகும். செலவு சில நூறு ரூபாய், ஒரு நாளில் முடியும்.

குறை என்னவென்றால், தட்டையான சவ்வுக்குத் தடிமன் இல்லை. உண்மை நாணில் மேல் விளிம்பு ஒரு நேரமும் கீழ் விளிம்பு ஒரு நேரமும் அசைந்து ஓர் அலை ஓடும், அது இதில் வராது. பிளவு குறுகுவதும் விரிவதும் இல்லை என்றால், மேலே சொன்ன அழுத்த வித்தியாசமும் இல்லை. இது அதிரும், ஆனால் குரல்நாண் அதிரும் காரணத்தால் அதிராது.

இதைவிட நல்லது, நீர் நிரப்பிய லேட்டக்ஸ் குழாய். பிரான்சில் க்ரெனோபிள் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இந்த வகையை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். உலோகத்தில் அரை உருளை வடிவச் சட்டம் இரண்டு, அவற்றின்மேல் மெல்லிய லேட்டக்ஸ் உறை, உள்ளே தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன டியூபால் மேலே தொங்கும் பாட்டிலோடு இணைக்கிறீர்கள். பாட்டிலை ஏற்றினால் உள்ளழுத்தம் கூடும், நாண் விறைக்கும், சுருதி ஏறும். ஒரு ஸ்டாண்டும் அளவுகோலும் இருந்தால் விறைப்பை எண்ணாகச் சொல்லலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு கட்டுப்பாடு வேறெதிலும் கிடைக்காது. அதிர்வு தொடங்கும் அழுத்தத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

மறைமுகச் செலவு: லேட்டக்ஸ் நம் வெயிலில் சீக்கிரம் பழுதாகும். நீர் உறைக்குள் ஒரு குமிழி மாட்டினாலும் அதிர்வெண் மாறும். எண்ணெய்ப் புகை பட்டால் ரப்பர் ஊறிப்போகும். உறையை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளவிட வேண்டும்.

## 2. சிலிகோன் வார்ப்பு

இணையத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இது. 2005இல் தாம்சன், மோன்ஜோ, ஃப்ராங்கெல் மூவரும் மனித அளவிலேயே, தானாக அதிரும் சிலிகோன் நாண்களை வைத்துச் செய்த ஆய்வுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. இரண்டு பாகம் கலக்கும் மென்மையான சிலிகோனோடு தின்னர் சேர்த்து வார்ப்பார்கள். தின்னர் கூடக் கூட நாண் மென்மையாகும். பிறகு வந்தவர்கள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று அடுக்கடுக்காக வார்த்தார்கள். மனிதக் குரல்நாணும் அடுக்குகளால் ஆனதுதான், அதை 1974இல் ஜப்பானின் ஹிரானோ உடல், போர்வை என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மென்மையான மேலடுக்கு இருந்தால் அதிர்வு குறைந்த அழுத்தத்திலேயே தொடங்கும், அசைவும் மனித நாணின் அசைவுக்கு நெருங்கும்.

கைவேலையில் இது கறாரானது. கண்ணாடிமேல் வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே இறங்குவதுபோல, அச்சின் உட்புறம் எப்படியோ நாணின் முகமும் அப்படித்தான் வரும். த்ரீ-டி பிரிண்டரில் அச்சு எடுத்தால் வரி வரியாகக் கோடு விழும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ரெசின் பிரிண்டரில் எடுத்த அச்சில் பிளாட்டினம் வகை சிலிகோன் சரியாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். கந்தகம் பட்டாலும் இதே கதி. லேட்டக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினால் அந்தத் தொடுகையே போதும், நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும். கலக்கிய பிறகு வெற்றிடப் பாத்திரத்தில் வைத்துக் குமிழிகளை எடுக்க வேண்டும். ஈகோஃப்ளெக்ஸ் 00-30 போன்ற மென்மையான சிலிகோன்களுக்கு 45 நிமிடம் கையாளும் நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள், அது 23 டிகிரி அறைக்கு. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. காலையில் சீக்கிரம் கலக்குங்கள், இல்லையென்றால் ஏ.சி. அறையில் கலக்குங்கள்.

வார்த்து எடுத்த இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகத்தில் டால்கம் பவுடரை லேசாகத் தூவி, மிச்சத்தை ஊதிவிட்டு, பிறகு மாட்ட வேண்டும். பவுடர் அதிகமானால் பிளவில் கட்டியாகத் தங்கும், குறைந்தால் அதிர்வு தொடங்கும்போது ஒரு பக்கம் பிடித்து இழுக்கும். ஒரே சோடி நாண்களை இரண்டு பேர் மாட்டினால் இரண்டு சுருதி வருவது சகஜம். தின்னர் நாளாக ஆக வெளியே கசியும், நாண் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும். அதனால் வார்த்த தேதியை நாணிலேயே எழுதி ஒட்டுங்கள், ஒரே கலவையில் கூடுதலாக ஒரு சோடி வார்த்து வையுங்கள்.

சத்தம் எப்படி உருவாகிறது, ஒரு பக்கம் விறைத்தால் குரல் எப்படி கம்முகிறது, கட்டி வந்தால் என்ன ஆகும் போன்ற கேள்விகளுக்கு இதை விட்டால் நல்ல வழி இல்லை. காற்று எப்படி ஓடுகிறது என்பதற்கு, விலை உயர்ந்த லேசர் ஏற்பாடு இல்லாமல் இது பெரிதாக எதையும் காட்டாது. இந்த வேறுபாட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

## 3. பெரிதாக்கிய, அசையாத மாதிரி

எனக்கு மிகவும் பிடித்தது இது. அதிர்வின் ஒரு நொடித்துளியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிளவு இவ்வளவு திறந்து, சுவர் இத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வைத்து அதை அப்படியே உறையவைத்துப் பெரிதாக்கிச் செய்கிறோம். 1957இல் வான் டென் பெர்க்கும் கூட்டாளிகளும் குரல்வளையின் வார்ப்பு ஒன்றில் காற்றைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். 2001இல் ரொனால்ட் ஷெரரின் குழு எம்5 என்ற மாதிரியை 7.5 மடங்கு பெரிதாக்கி அக்ரிலிக்கில் செய்தது. இன்றைக்கும் கணினிக் கணக்குகளைச் சரிபார்க்க அந்த அளவீடுகளை எடுக்கிறார்கள்.

பெரிதாக்கினால் என்ன லாபம்? உண்மை அளவில் பிளவு 0.4 மி.மீ. என்றால், வைக்கும்போது 0.1 மி.மீ. பிசகினாலே 25 சதவீதப் பிழை. 7.5 மடங்கில் அதே பிளவு 3 மி.மீ. ஆகிறது, அதே பிசகு 3 சதவீதம் சுமாருக்கு இறங்கிவிடும். பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜே போதும்.

ரெனால்ட்ஸ் எண்ணை மாற்றாமல் வைத்தால் மற்றவை தாமாக வந்துவிடும். வேகம் 7.5 மடங்கு குறைந்து நொடிக்கு 5 மீட்டர் ஆகும். அழுத்தம் 56 மடங்கு குறையும்: 800 பாஸ்கல் இருந்த இடத்தில் 14 பாஸ்கல், ஒன்றரை மில்லிமீட்டர் நீர் உயரம். இங்கேதான் மறைமுகச் செலவு. யூ-குழாய் மானோமீட்டரில் (நீர் மட்ட வித்தியாசத்தால் அழுத்தம் காட்டும் வளைந்த குழாய்) இதைக் கண்ணால் படிக்க முடியாது. குழாயைப் பத்துக்கு ஒன்று சாய்வாகக் கிடத்தினால் ஒன்றரை மி.மீ. பதினைந்து மி.மீ. ஆக நீளும். சாய்வு மானோமீட்டரை நீங்களே செய்துகொள்ளலாம், ஆனால் மேசை அசையாமல் இருக்க வேண்டும். காற்றளவும் 7.5 மடங்கு வேண்டும்: நொடிக்கு ஒன்றரை லிட்டர், நிமிடத்துக்கு 90. ஆக்சிஜன் ஃப்ளோமீட்டர் இங்கே உதவாது. சின்ன புளோயரும், ஓட்டத்தை அளக்க ஓரிஃபிஸ் தட்டோ (துளையிட்ட தட்டு) பெரிய ரோட்டாமீட்டரோ (மிதவை ஏறும் குழாய்) வேண்டும்.

செய்வதற்கு நம் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. எம்5 குறுக்குவெட்டு நேர்கோடும் வட்ட வில்லும் சேர்ந்தது, நீளவாக்கில் மாறாது. காகிதத்தில் வெட்டிய அச்சைக் கொடுத்தால் நிலைக்கதவு இழைக்கும் ஆசாரி தேக்கில் இழைத்துக் கொடுப்பார். இரண்டு மூன்று கோட்டு வார்னிஷ் அடித்து, தண்ணீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். சுவரில் வரிசையாகத் துளையிட்டு ஊசி மருந்து சிரிஞ்சின் ஊசிகளைப் பதித்தால் அவைதான் அழுத்தத் துளைகள். துளையின் விளிம்பில் ஒரு மயிரிழை சிலும்பு நின்றாலும் அழுத்தம் பொய் சொல்லும். நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டுப்பட்டால் மறுபடி தேயுங்கள்.

இதில் கிடைக்கும் காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு சுவரும் துல்லியமாகச் சமமாக இருந்தாலும், விரியும் பிளவில் தாரை நேரே போகாது, ஏதோ ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு சாயும். கோவாண்டா விளைவு என்பது இது. ஒரு பக்க ஊசிகள் ஓர் அழுத்தத்தையும் மறுபக்க ஊசிகள் வேறொன்றையும் காட்டும். ஒரு குச்சியை ஓட்டத்தில் கணநேரம் நுழைத்து எடுத்தால் தாரை மறுசுவருக்குத் தாவும், மானோமீட்டர்களும் இடம் மாறும். வகுப்பில் மாணவர் கண்முன் இது நடக்கும்போது ஏற்படும் புரிதல், எந்தச் சமன்பாட்டிலும் வராது.

எங்கே தோற்கும்? சுவர் அசையாததால், ஓட்டம் ஒவ்வொரு கணமும் நிலைத்த ஓட்டம் போல நடந்துகொள்கிறது என்று நம்பித்தான் இதைச் செய்கிறோம். சுற்றின் நடுப்பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும். பிளவு திறக்கத் தொடங்கும்போதும் மூடி முடிக்கும்போதும் பொருந்தாது.

## 4. தண்ணீரில் ஓடும் பெரிய மாதிரி

அசைவும் வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றால் தண்ணீருக்குப் போங்கள். கணக்கு எவ்வளவு சாதகமாக இருக்கிறது பாருங்கள். தண்ணீரின் இயக்கப் பாகுநிலை (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) காற்றினுடையதில் பதினைந்தில் ஒரு பங்கு. மாதிரியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ரெனால்ட்ஸ் எண்ணையும், அதிர்வின் வேகத்தை ஓட்டத்தின் வேகத்தோடு ஒப்பிடும் ஸ்ட்ரூஹால் எண்ணையும் அப்படியே வைத்தால், நேரம் 1500 மடங்கு நீள்கிறது. நொடியில் நூறில் ஒரு பங்கில் முடியும் ஓர் அதிர்வு, இங்கே 15 நொடி எடுத்துக்கொள்ளும். தாரையின் வேகம் நொடிக்கு 25 செ.மீ. போல. ஓட்டம் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர், மேல்நிலைத் தொட்டியிலிருந்து மட்டம் மாறாமல் விட்டால் போதும்.

இரண்டு சுவர்களை ஸ்டெப்பர் மோட்டார் வைத்து மெல்ல நகர்த்தினால், தாரை பிறப்பதையும், நீள்வதையும், சாய்வதையும், சுழல் கழன்று போவதையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய ஆய்வகங்களே இந்த வழியை எடுத்திருக்கின்றன. சாயத்துக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். துகள் கலந்து, பச்சை லேசரைக் கண்ணாடிக் குச்சியால் தகடாக விரித்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் பிடித்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே துகள் ஒரு மில்லிமீட்டர் சுமார்தான் நகரும். துகள்களின் நகர்வைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டு வேகம் கணக்கிடும் முறைக்குப் பி.ஐ.வி. என்று பெயர். ஓப்பன் பி.ஐ.வி. என்ற இலவச மென்பொருளில் அதைக் கொடுத்து வேக வரைபடமே எடுக்கலாம். பல லட்சம் ரூபாய்க் கருவி செய்யும் வேலையைக் கேள்வியை மெதுவாக்கிச் செய்துகொள்கிறோம்.

ஆனால் இதில் சத்தம் கிடையாது, நாண் தானாக அதிரவும் செய்யாது. அசைவை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதனால் "ஏன் அதிர்கிறது" என்ற கேள்வியை இதனிடம் கேட்கவே முடியாது. செலவு அக்ரிலிக் தொட்டியில்தான் போகும், அதைவிட அதிகம் கசிவை அடைப்பதில் போகும். ஊருணித் தண்ணீர் கலங்கல், எடுக்காதீர்கள். தெளிந்த தண்ணீரையும் முதல் நாள் இரவே பிடித்து வையுங்கள். புதிதாகப் பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சுவரில் முத்து முத்தாக ஒட்டி, பார்ப்பதைக் கெடுக்கும்.

## 5. ஆட்டுக் குரல்வளை

1741இல் பாரிசில் ஃபெரைன் நாயின் குரல்வளையை ஊதிச் சத்தம் எழுப்பிக் காட்டினார். இந்த வழிக்கு அவ்வளவு வயது. உண்மைத் திசு, உண்மை அடுக்கு, உண்மை ஈரம். உணவுக்காக அறுத்த ஆட்டிலிருந்து எடுப்பதால் இதற்கென்று ஓர் உயிர் போவதில்லை.

கிடைப்பதுதான் சிக்கல். அறுப்பு குரல்வளையின் மேலேயே விழுந்துவிட்டால் நாண் கிழிந்துபோகும். முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். "பாய், கொஞ்சம் கீழ தள்ளி அறுத்து, குழலோட முழுசா எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடியாது தம்பி, செவ்வாக்கிழமை வாங்க, பொறுமையா எடுத்துத் தர்றேன்" என்பார்கள். செவ்வாயன்று வியாபாரம் மந்தம், அப்போது போனால் காரியம் நடக்கும்.

வந்ததும் 0.9 சதவீத உப்புக் கரைசலில் போட வேண்டும். ஊதும் காற்று உடல் சூட்டிலும் ஈரமாகவும் இருக்க வேண்டும், வறண்ட காற்று பட்டால் நிமிடங்களில் நாண் காய்ந்து விறைக்கும். சில மணி நேரம்தான் கைவசம் இருக்கும். ஒரு குரல்வளை போல இன்னொன்று இராது, அதனால் திரும்பச் செய்து சரிபார்ப்பது கடினம். ஆட்டின் நாண் அமைப்பும் மனிதனுடையதுபோல அப்படியே இல்லை. காது மூக்கு தொண்டை, பேச்சுப் பயிற்சித் துறைகளில் படிப்பவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது. பொறியியல் திட்டமாக எடுக்க நான் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| மாதிரி | தானாக அதிருமா | ஓட்டத்தைப் பார்க்க | திரும்பத் திரும்ப ஒரே விடை | செலவு | எங்கே கையைக் கடிக்கும் |
|---|---|---|---|---|---|
| நீர் நிரப்பிய லேட்டக்ஸ் | ஆம் | கடினம் | நடுத்தரம் | குறைவு | உறை மாற்றுவது, குமிழி |
| சிலிகோன் | ஆம் | லேசர் ஏற்பாடு வேண்டும் | நடுத்தரத்துக்கும் கீழ் | சில ஆயிரம் | அச்சு, இறுகாமை, நாள்பட விறைப்பது |
| பெரிய அசையாத மாதிரி | இல்லை | மிக எளிது | மிக நன்று | சில ஆயிரம் | நுண்ணிய அழுத்தம், பெரிய காற்றளவு |
| தண்ணீர் மாதிரி | இல்லை, மோட்டார் | மிக மிக எளிது | நன்று | நடுத்தரம் | கசிவு, இடம் |
| ஆட்டுக் குரல்வளை | ஆம் | கடினம் | குறைவு | குறைவு | நேரம், ஈரம், கிடைப்பது |

## அளக்கும் கருவி பற்றிக் கொஞ்சம்

மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கருவி தானாக முடிவாகிவிடும். அதிரும் மாதிரிகளுக்கு யூ-குழாய் சராசரியைத்தான் சொல்லும். எம்பிஎக்ஸ்வி7002 போன்ற சில்லு உணரிகள் 2 கிலோபாஸ்கல் வரை அளக்கும், இந்த வேலைக்கு ஏற்ற எல்லை. அவை பதில் சொல்ல ஒரு மில்லிநொடி எடுத்துக்கொள்கின்றன. 100 ஹெர்ட்ஸ் அதிர்வின் மேடு பள்ளம் தெரியும், கூர்மையான விவரம் தெரியாது.

சூடான கம்பி காற்றில் ஆறுவதை வைத்து வேகம் அளக்கும் ஹாட் வயர் அனிமோமீட்டர் வேகமானது. ஆனால் அதன் கம்பி 5 மைக்ரான் சுமாரான டங்ஸ்டன், தூசி பட்டாலே அறுந்துவிடும். காற்று முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்றும் அதற்குத் தெரியாது. தாரையின் ஓரத்தில் பின்னோட்டம் இருக்கும் இடத்தில் அதன் எண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஷ்லீரன் முறை அழகானது, மலிவானது. ஒரு குழி ஆடியும் பிளேடும் இருந்தால் சூடான காற்றின் நிழலைப் பார்க்கலாம். ஆனால் அது வெப்பநிலை வித்தியாசத்தை நம்பியது. மே மாதம் 35 டிகிரி அறையில் உடல் சூட்டுக் காற்றை ஊதினால் ஒன்றும் தெரியாது. ஏ.சி. அறை வேண்டும், இல்லை காற்றை நன்றாகச் சூடாக்க வேண்டும்.

சாம்பிராணிப் புகையும் லேசர்த் தகடும் பெரிய அசையாத மாதிரிக்கு நல்ல சோடி. வளவு வைத்த செட்டிநாட்டு வீடுகளில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், அதற்காகத்தானே அப்படிக் கட்டினார்கள். புகை வேலைக்கு அது ஆகாது. கதவடைத்த உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், தாரை விழும் இடத்தைக் கண்ணாடிப் பெட்டியால் மூடுங்கள். மலிவான பச்சை லேசர்களில் அகச்சிவப்பு ஒளியும் சேர்ந்து கசியலாம், கண்ணுக்கு அது தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

அதிரும் நாணைப் பார்க்க மட்டும் என்றால் எல்.இ.டி. ஸ்ட்ரோப் போதும். மாதிரி 120 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் விளக்கை 119இல் சிமிட்டுங்கள், நொடிக்கு ஒரு சுற்றாக மெல்ல நகர்வது தெரியும்.

## யாருக்கு எது

நான்கு மாதத் திட்டம், இயந்திரவியல் அல்லது இயற்பியல் மாணவர் என்றால் மூன்றாவது. எண்கள் வரும், கணினிக் கணக்கோடு ஒப்பிடலாம், எந்தக் கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லலாம். ஒரு வருடமும், பொறுமையான இரண்டு மூன்று பேரும் இருந்தால் நான்காவது.

முனைவர் ஆய்வு, அதுவும் குரல் நோய் பற்றியது என்றால் சிலிகோனைத் தவிர்க்க முடியாது. அப்போது லேசர் பி.ஐ.வி. வசதி உள்ள நிறுவனத்தோடு முதலிலேயே பேசி வையுங்கள். மாதிரியை அவர்கள் மேசையின் அளவுக்குக் கட்டுங்கள், கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால் எங்காவது இடிக்கும். பி.ஐ.வி.க்காகக் காற்றில் எண்ணெய்த் துளிகளை விதைக்கும்போது அவை நாணில் படிந்து சுருதியை மாற்றும் என்பதால், ஓட்டி முடித்ததும் துடைத்து மறுபடி அளக்க நேரம் ஒதுக்குங்கள்.

பாடகர்களும் பாட்டு ஆசிரியர்களும்கூட என்னிடம் கேட்பதுண்டு. உரக்கப் பாடுவதற்கும் அழுத்தத்துக்கும், சுருதிக்கும் விறைப்புக்கும் உள்ள உறவைக் கையால் உணர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களுக்கு நீர் நிரப்பிய லேட்டக்ஸ்தான். பாட்டிலை ஒரு கையால் ஏற்றி இறக்கிக்கொண்டே மறு கையால் வால்வைத் திருகினால், இரண்டும் எங்கே ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது காதிலேயே விழும்.

பள்ளிக் கண்காட்சிக்கு ரப்பர்த் துண்டுகளே போதும். பக்கத்தில் ஒரு யூ-குழாய் வைத்து, சத்தம் தொடங்கும் உயரத்தில் மையால் கோடு போட்டுக் காட்டுங்கள். குழந்தைகள் நிற்கும் இடத்துக்கு லேசரை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.